பதினெட்டுக் கிலோ குறைந்தது, பாவு பீம் தூக்க முடியவில்லை

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர் அவர். வயது 46. ஏழு மாதம் பேலியோ (மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் உணவுமுறை) இருந்து 94 கிலோவிலிருந்து 76-க்கு இறங்கியிருந்தார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.6 இருந்தது 5.9 ஆகியிருந்தது. ரிப்போர்ட்டை மேசையில் வைத்த விதத்திலேயே பெருமை தெரிந்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவர் என்னைப் பார்க்க வந்தது அதற்காக இல்லை.

"ஏனுங் மேடம், முன்னெல்லாம் நானும் ஒரு பையனுமா பாவு பீமைத் தூக்கித் தறியில ஏத்திப்போடுவோம். இப்பத் தூக்குனா கை நடுங்குதுங். இளைச்சா உடம்பு லேசா இருக்கும்னாங்க. எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலீங்." (பாவு பீம் என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலைச் சுற்றிவைத்த கனமான உருளை.)

கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். 14 நொடி ஆனது. தசைத்தேய்வைக் கண்டறிய ஆசியர்களுக்கென்று 2019-இல் வகுத்த அளவுகோலில் 12 நொடிதான் எல்லை. அப்புறம் தையல்காரர் டேப்பை எடுத்துக் கெண்டைக்காலைச் சுற்றி அளந்தேன். 33 செ.மீ. ஆண்களுக்கு 34-க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில், தினமும் நடமாடி வேலை செய்கிற மனிதருக்கு இந்த அளவுகள் வரக்கூடாது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இதே கதையோடு மாதத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள்.)

குறைந்த பதினெட்டுக் கிலோவும் கொழுப்பு இல்லை. முதல் பத்து நாளில் போகிற இரண்டு மூன்று கிலோ பெரும்பாலும் தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு சுமார் அரைக்கிலோ இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்ததும் சேமிப்பு கரையும், தண்ணீரும் கூடவே போகும். அதற்குப் பிறகு இறங்குகிற கிலோக்களில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பது நீங்கள் சாப்பிடும் புரதத்தையும் தசைக்குக் கொடுக்கும் வேலையையும் பொறுத்தது. எடை மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். காலையில் நெய்யில் வறுத்த 100 பாதாம். பதினோரு மணிக்கு பட்டர் டீ. மதியம் காலிஃபிளவர் சோறு, தேங்காய் தூக்கலாகப் போட்ட பொரியல், ஒரு கப் தயிர். ராத்திரி மூன்று முட்டை ஆம்லெட். கறி எடுப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். சனிக்கிழமை, அமாவாசை, கிருத்திகை எல்லாம் சைவம். புரட்டாசி முழுக்கச் சைவம்.

கூட்டிப் பார்ப்போம். நூறு பாதாமில் புரதம் சுமார் 24 கிராம்; அதோடு 650 கலோரிக்கு மேல் வருகிறது. பட்டர் டீயில் புரதம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தயிரும் காயும் சேர்ந்து ஒரு பத்து கிராம். மூன்று முட்டையில் 18. ஆக நாளுக்கு 52 கிராம். உடற்பயிற்சியே செய்யாத சாதாரண ஆளுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் அளவு கிலோவுக்கு 0.83 கிராம். இவருடைய எடைக்கு அதுவே 63 வரும். தசை ஏற வேண்டுமானால் கிலோவுக்கு 1.6 வரை போகலாம் என்கின்றன ஆய்வுகள். இவர் அதில் பாதிகூடத் தொடவில்லை.

நம் ஊர் பேலியோவில் நான் அதிகம் பார்க்கிற கோளாறு இதுதான். சோற்றை நிறுத்திய இடத்தில் வெண்ணெயும் தேங்காயும் பாதாமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பசி அடங்குகிறது, சர்க்கரையும் இறங்குகிறது, புரதம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பனீரைக்கூடப் புரதம் என்று நினைத்துச் சாப்பிடுகிறார்கள். 100 கிராம் பனீரில் புரதம் 18 கிராம்தான், கொழுப்பு அதைவிட அதிகம்.

அவருக்கு நான் மாற்றிக் கொடுத்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. காலையில் நாலு முழு முட்டை. நாமக்கல் பக்கத்தில் இருக்கும்போது இதற்கென்ன கஷ்டம்? மஞ்சள் கருவைத் தூக்கிப் போட வேண்டாம், முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான் இருக்கிறது. மதியம் 150 கிராம் கோழி அல்லது மத்தி மீன், கூடவே தயிர். மாலையில் 30 கிராம் மீல்மேக்கர். ஊறவைப்பதற்கு முன் எடை போட்டால் அதில் 15 கிராம் புரதம் உண்டு. ராத்திரி பனீரும் இரண்டு முட்டையும். பாதாம் 100 இருந்தது 20 ஆனது. மொத்தம் 110, 115-ஐத் தொட்டது. அளவைப் போலவே பிரித்துச் சாப்பிடுவதும் முக்கியம். ஒரு வேளைக்கு 30 கிராம் அளவில் புரதம் வந்தால்தான் தசை கட்டும் வேலை நன்றாக முடுக்கிவிடப்படும்.

சைவ நாட்களில்தான் சிக்கல். துவரம்பருப்பை நம்பினால், 100 கிராமில் 22 கிராம் புரதத்தோடு கிட்டத்தட்ட 60 கிராம் மாவுச்சத்தும் சேர்ந்து வரும். அந்த நாட்களுக்குத் தயிர், பனீர், மீல்மேக்கர், தேவைப்பட்டால் ஒரு ஸ்கூப் வே புரோட்டீன். வே என்பது பாலிலிருந்து எடுத்த புரதம்தான், மருந்தோ ஊசியோ இல்லை. ஆனால் ஜிம்மில் லேபிள் இல்லாத டப்பாவில் விற்பதை வாங்காதீர்கள். அங்கேயே யாராவது "சீக்கிரம் ஏறும்" என்று ஊசியைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்த ஜிம்மையே மாற்றிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், தம்பிமார்களுக்கு. பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்வதில் வீரம் ஒன்றும் இல்லை. வேகவைத்த முட்டைப் புரதத்தில் 90 சதவீதம் உடலில் சேர்கிறது என்றால், பச்சையாகக் குடித்தால் 50 சதவீதத்தை ஒட்டித்தான்.

சரி, மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டே தசையை வளர்க்க முடியுமா? முடியும், ஆனால் அது எளிய வழி இல்லை. 2018-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள், ஏற்கனவே எடைப் பயிற்சி செய்துவந்த 24 ஆண்களை வைத்து 8 வாரம் பார்த்தார்கள். கீட்டோ (மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைக்கும் உணவுமுறை) சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு குறைந்தது, தசை இழப்பும் இல்லை. ஆனால் தசை ஏறியது மாவுச்சத்து சாப்பிட்டவர்களுக்குத்தான். சிறிய ஆய்வுதான், இருந்தாலும் நான் நேரில் பார்ப்பதும் இதேதான். தொப்பையும் சர்க்கரையும் உள்ளவர், அதுவரை பயிற்சியே செய்யாதவர் என்றால் குறைந்த மாவுச்சத்திலேயே கொழுப்பு இறங்கித் தசையும் ஏறும். போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். 54 கிலோ. யாரோ சொன்னார்கள் என்று கீட்டோ இருந்துகொண்டு, "உடம்பு ஏற மாட்டேங்குது மேடம்" என்றான். முட்டையை விடாதே, கூடவே சோறு சாப்பிடு சாமி என்று அனுப்பிவைத்தேன்.

தறிக்காரருக்கும், பயிற்சி செய்யும் நாளில் மதியம் ஒரு கப் சோறு சேர்க்கச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். விஷத்தைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. வேலை செய்கிற தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நாள் முழுவதற்கும் 80, 90 கிராம் மாவுச்சத்து என்பது அப்போதும் குறைவுதான். வீட்டு குளுக்கோமீட்டரில் அவரே பார்த்து நம்பினார்.

பயிற்சி என்றதும், தினமும் ஒரு மணிநேரம் நடக்கிறேனே என்றார். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, தசையை வளர்க்காது. வாரம் மூன்று நாள், தண்டால், பஸ்கி, டம்பெல்லை இழுப்பது, தலைக்கு மேல் தூக்குவது. எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். அது சுலபமாகிவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். தரையில் தண்டால் வராது என்றார். சுவரில் கை ஊன்றி ஆரம்பித்தார்.

இனி சொல்வதைச் சர்க்கரை நோயாளிகள் நிதானமாகப் படியுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கவே கூடாது. ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் மீட்டரில் 180 காட்டுகிறதே என்று வீட்டில் இருக்காதீர்கள். கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு நேர்மாறு, லோ சுகர் வரும். மாவுச்சத்து குறைந்ததும் சிறுநீரில் உப்பு அதிகம் வெளியேறுவதால் பிபி மாத்திரையின் அளவையும் பார்க்க வேண்டியிருக்கும். எழுந்தால் தலை சுற்றுவதற்கும் கெண்டைக்கால் இழுப்பதற்கும் பல நேரம் இதுதான் காரணம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கட்டுரையிலுள்ள புரதக் கணக்கை எடுத்துக்கொள்ளவே வேண்டாம். மற்றவர்களும் தொடங்குமுன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறி ஓடிவருகிறவர்களும் உண்டு. கால் பயிற்சி செய்த மறுநாள் ரத்தம் கொடுத்தால், கல்லீரல் டெஸ்டில் பார்க்கும் எஸ்ஜிஓடி என்ற நொதி ஏறித்தான் இருக்கும். அது கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கிறது. டெஸ்டுக்கு முன் ஒரு வாரம் எடை தூக்காதீர்கள். கிரியேட்டின் பவுடர் தினமும் 3 முதல் 5 கிராம் எடுப்பவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், சந்தேகமிருந்தால் சிஸ்டாடின் சி என்ற இன்னொரு சிறுநீரக டெஸ்ட் பார்ப்பார். கடுமையான பயிற்சி முடிந்த உடனே சர்க்கரை 20, 30 ஏறுவதும் அட்ரினலின் வேலைதான், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும்.

ஐந்து மாதம் கழித்து வந்தார். எடை 77.5. ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டதே என்று வீட்டம்மாவுக்குக் கவலையாம். இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்திருந்தது, நாற்காலிச் சோதனை 9 நொடி, ஹெச்பிஏ1சி 5.8. "பீமை இப்ப ஏத்திர்றேனுங்" என்றார்.

அன்றைக்குக் கூட அவருடைய அம்மாவும் வந்திருந்தார். 72 வயது. காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சோறு, ராத்திரி பாலில் நனைத்த ரெண்டு பிஸ்கட். நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்திருங்கள் அம்மா என்றேன். மூன்றாவது தடவையே முடியவில்லை.

"எனக்கெதுக்குச் சாமி இந்த வயசுல பேலியோ" என்றார்.

பேலியோ வேண்டாம் என்றேன். இட்லியோடு இரண்டு முட்டை, மதியம் ரசத்தோடு மீனோ தயிரோ, தினமும் காலையும் மாலையும் அதே நாற்காலியில் ஐந்து தடவை எழுந்து உட்காருவது, முதலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. மகன் போனில் குறித்துக்கொண்டார்.