ஷேவிங் பிரஷ்ஷின் முடிக்கற்றையை வீட்டில் மாற்றுவோர் கவனத்திற்கு

கைப்பிடி நன்றாக இருந்து முடி மட்டும் கொட்டிப்போன ஷேவிங் பிரஷ்களுக்குப் புதிய முடிக்கற்றை பொருத்தித் தருவது என் பட்டறை வேலைகளில் ஒன்று. வருகின்ற பிரஷ்களில் கணிசமானவை வீட்டில் ஒருமுறை முயன்று பார்த்துப் பாதியில் கைவிடப்பட்டவை. கைப்பிடியின் விளிம்பு சிதைந்திருக்கும், முடிக்கற்றை உட்காரும் குழி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், அல்லது புதிய முடியின் அடிப்பகுதி பசை ஏறிக் கட்டைபோல் விறைத்திருக்கும். எந்தப் பசை வாங்குவது என்பதுதான் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி. ஆனால் இந்த வேலை கெடுவது பெரும்பாலும் பசைக்குழாயைத் திறப்பதற்கு முன்புதான்.

முதலில் பழைய முடியைப் பற்றி. எங்கிருந்து வந்தது, எந்தக் காலத்தது என்று தெரியாத விலங்கு முடிப் பிரஷ்ஷை அப்படியே முகத்தில் வைக்கக் கூடாது. முதல் உலகப் போரின்போது பேட்ஜர் என்னும் விலங்கின் முடி கிடைப்பது அரிதாகி, அதன் போலியாகக் குதிரைமுடி பிரஷ்களில் சேர்க்கப்பட்டது. சரியாகப் பதப்படுத்தப்படாத அந்த முடியின் வழியே, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரர்கள் உட்படப் பலருக்கு ஆந்த்ராக்ஸ் என்னும் அடைப்பான் நோய் முகத்திலும் கழுத்திலும் தொற்றியது. அக்கிருமியின் வித்துகள் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கக்கூடியவை. வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்தால் அவை ஒழிந்துவிடும் என்று நம்பிவிட முடியாது. இன்று அந்த ஆபத்து மிகச் சிறியது என்பதே உண்மை. இருந்தாலும் முடியை எப்படியும் தூக்கி எறியத்தான் போகிறோம் என்னும்போது, அதைச் சோப்பு நீரில் நனைத்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, தூசி பறக்காமல் வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதில் கூடுதல் சிரமம் ஒன்றுமில்லை. பதப்படுத்திய முடியோ செயற்கை இழையோ கொண்ட புதிய கற்றைக்கு இந்தக் கவலை தேவையில்லை.

அடுத்தது கைப்பிடி எதனால் ஆனது என்பது. இதை அறியாமல் வெந்நீரையோ டிரில்லையோ தொடக் கூடாது. கட்டைவிரலால் கைப்பிடியை அழுத்தித் தேய்த்துச் சூடேற்றி உடனே முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு என்னும் பழைய பிளாஸ்டிக்: எளிதில் தீப்பற்றும், வெந்நீரில் இளகி உருக்குலையும், அசிட்டோனில் கரையும். டிரில் பிட் உராயும் சூடே அதற்கு ஆபத்தானது என்பதால், அத்தகைய கைப்பிடியை வீட்டில் துளைக்க வேண்டாம் என்றே சொல்வேன். கிருமிநாசினி போன்ற கார்பாலிக் வாசனை வீசினால் பழைய ஃபீனாலிக் பிளாஸ்டிக்காக இருக்கலாம். அதன் தூள் மூச்சில் போகக் கூடாது. அக்ரிலிக் கைப்பிடியை ஸ்பிரிட்டால் துடைத்தால் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடும். மரக் கைப்பிடியை ஊறவைத்தால் உப்பிப் பிளக்கும். பெயின்ட் பூசிய பழைய கைப்பிடியில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட வேண்டாம். தந்தம் என்று சந்தேகம் எழுந்தால், கருவியை எடுக்காமல் அப்படியே வைத்துவிடுங்கள். அதை வாங்குவதற்கும் விற்பதற்கும் பல நாடுகளில் கடுமையான சட்டக் கட்டுப்பாடு உண்டு.

கழற்றுவதில் பொறுமைதான் பெரும்பங்கு. வெந்நீரைத் தாங்கும் கைப்பிடியாக இருந்தால், நீராவியில் சிறிது நேரம் காட்டிவிட்டுக் கற்றையின் அடியைப் பிளேயரால் பற்றி மெதுவாகத் திருகிப் பாருங்கள். பழைய அரக்கு வகைப் பசைகள் இளகி, கற்றை முழுதாகவே கையோடு வந்துவிடும். சில பழைய கைப்பிடிகள் உள்ளே கூடானவை. அவற்றைச் சூடாக்கினால் அடைபட்ட காற்று விரிந்து கைப்பிடியையே வெடிக்கச் செய்யலாம். அளவுக்கு மீறி எடை குறைவாக இருந்தால், தட்டும்போது ஒலி வெறுமையாகக் கேட்டால், சூட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

சூட்டுக்கு அசையாத கற்றையைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். முடியை விளிம்போடு ஒட்ட வெட்டிவிட்டு, கைப்பிடியின் மேல் மாஸ்கிங் டேப் சுற்றி, ரப்பர் துண்டை இடையில் வைத்து வைஸ் என்னும் இறுக்குப் பிடியில் பிடிக்கவும். ஒரு கையில் கைப்பிடியும் மறுகையில் டிரில்லுமாக வேலை செய்வதைப் போல் மோசமான பழக்கம் வேறில்லை. பிட் முடியில் சிக்கும் கணத்தில் கைப்பிடி சுழன்று விரலைக் கிழித்துவிடும். நடுவில் சிறிய துளையிட்டு, பிட்டின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, குறைந்த வேகத்தில் அவ்வப்போது நிறுத்தி ஆறவிட்டுச் செல்லுங்கள். சுவரை ஒட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எஞ்சும்போது டிரில்லை வைத்துவிட்டு, ஒரு மரக்குச்சியில் உப்புத்தாளைச் சுற்றிக் கையால் தேய்த்து எடுப்பதே பாதுகாப்பானது. விளிம்பு சிதைவது எப்போதும் அந்தக் கடைசி மில்லிமீட்டரில்தான்.

இனி அளவு. முடிக்கற்றையை விற்பவர் 24 மி.மீ. என்று சொல்வது அதன் பசை அடியின், அதாவது முடிகள் பசையால் ஒன்றாக இறுகியிருக்கும் அடிப்பகுதியின், விட்டத்தை. கையில் வருவது அரை மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆகவே கற்றை வந்து சேர்ந்து வெர்னியர் அளவுகோலில் அளந்த பிறகே குழியை அகலப்படுத்த வேண்டும். கற்றை வழவழவென்று இறங்கி, லேசாக அசைய இடமிருப்பதே சரியான பொருத்தம். இறுக்கமாகத் திணித்தால் அடியில் அடைபட்ட காற்று, பசை காயும் வரை கற்றையை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். குழியை அகலப்படுத்திய பிறகு சுற்றுச் சுவர் 2 மி.மீ.க்கும் குறைவாக மெலிந்துவிடுமானால், சிறிய கற்றையைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

விட்டத்தைவிட முக்கியமானது ஆழம். பிரஷ்ஷின் குணத்தை நிர்ணயிப்பது அதுவே. குழியின் விளிம்பிலிருந்து முடியின் நுனி வரை வெளியே தெரியும் உயரம் 24 மி.மீ. கற்றைக்கு 50 மி.மீ. அளவில் இருந்தால் பிரஷ் முகத்தில் நிமிர்ந்து நிற்கும். கற்றையின் மொத்த நீளம் 65 மி.மீ. என்றால், அதற்கு 15 மி.மீ. ஆழம் வேண்டும். பழைய குழி 10 மி.மீ. தானே என்று அப்படியே விட்டுவிட்டால் முடி 55 மி.மீ. உயரம் நிற்கும், நுரை எழும்பும், ஆனால் சோப்பை அழுத்தி எடுக்கும் வலு இராது. அதற்காக மிக ஆழமாக இறக்கினாலும் தவறுதான்: பசை அடிக்கு மேலுள்ள முடி குழியின் சுவரால் நெருக்கப்பட்டு, விரிய முடியாமல் நின்றுவிடும். பசை போடாமல் கற்றையை வைத்து, உலர்ந்த பிரஷ்ஷை உள்ளங்கையில் அழுத்திச் சுழற்றிப் பாருங்கள். தாழ்ந்திருந்தால் வாஷரோ மரவில்லையோ அடியில் போட்டு உயர்த்தலாம். இந்தச் சோதனைக்கு ஒரு மாலைப்பொழுதே போனாலும் போகட்டும். கூடான கைப்பிடியில் முதலில் மரத்தண்டோ எபாக்ஸி (இரு பாகங்களைக் கலந்தால் இறுகும் பசை) மாவோ இட்டு அடித்தளம் அமைத்த பிறகுதான் இதெல்லாம்.

பசையில் என் தேர்வு, முதன்முறை செய்கிறவருக்குச் சிலிகோன். உயரமோ நிற்கும் சாய்வோ பிடிக்காவிட்டால் பிடுங்கிவிட்டு மறுபடி வைக்கலாம். குழி தளர்வாகவோ ஆழம் குறைவாகவோ இருந்தால் இரு பாக எபாக்ஸிதான் நிற்கும். 5 நிமிட வகை அவசரப்படுத்தும். மெதுவாக இறுகும் வகையில் நான்கு பக்கமும் பார்த்துக் கற்றையை நேர்செய்ய அவகாசம் கிடைக்கும். கற்றையின் அடியையும் குழியின் சுவரையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பசையைச் சுவரில் மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். மிகுந்தால் அது மேலேறி முடிக்குள் புகும். அங்கே இறுகிய பசையை எந்தக் கரைப்பானும் சேதமின்றி எடுக்காது. துளித்துளியாக விடும் உடனடிப் பசை வேண்டவே வேண்டாம், அது முடியின் இடைவெளிகளில் திரிபோல் ஏறிவிடும். மரக் கைப்பிடிக்கு எபாக்ஸியே குழிச் சுவரை நீர் புகாமல் அடைத்துவிடும் என்பது கூடுதல் நன்மை.

இறுகாத எபாக்ஸி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கவல்லது. ஒருமுறை வந்துவிட்டால் பின்னர் ஒவ்வொரு தொடுதலுக்கும் திரும்ப வரும். நைட்ரைல் கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவவும். அசிட்டோனால் துடைத்தால் பசை இன்னும் ஆழமாகத் தோலுக்குள் போகும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் பசை இறுகிவிட்டது என்று பொருளல்ல. 24 மணி நேரம் நேராக நிறுத்தி வையுங்கள், அதன் பிறகே நீர் பட வேண்டும். புதிய கற்றையை வெதுவெதுப்பான நீரில் சோப்பிட்டு இரண்டு மூன்று முறை நுரைத்துக் கழுவினால் விலங்கு முடியின் வாடை பெருமளவு போய்விடும். தொடக்கத்தில் சில முடிகள் உதிர்வது இயல்பு. உதிர்ந்ததை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள்: பாதியில் முறிந்த துண்டுகளாக இருந்தால் முடி காய்ந்தது அல்லது அதிக அழுத்தத்தில் ஒடிந்தது, முழு நீளமாக, அதுவும் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் கற்றையைக் கட்டிய இடத்திலேயே குறை. அப்படிப்பட்டதை விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள்; நீங்கள் போட்ட பசைக்கும் அதற்கும் தொடர்பில்லை.