அக்காவின் பித்தநாளம் ஏன் வேறு வழியில் ஓடியது?

சுங்கை சிப்புட்டில் எங்கள் எதிர்வீட்டு அக்கா நாற்பது வருடம் பால்மரம் சீவியவர். சென்ற மாதம் பித்தப்பையை எடுத்துவிட்டு வந்தார். சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புட்டி. அதற்குள் மிளகு போலக் கறுத்த ஏழு கற்கள். அதைக் குலுக்கிக் காட்டியபடியே கேட்டார்: "ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார்கள், தம்பி. மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. எனக்குப் பித்தக் குழாய் வேறு மாதிரி ஓடுகிறதாம். அப்படியும் இருக்குமா?"

இருக்கும். ஈரல் ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. ஈரலின் வலப்புறமும் இடப்புறமும் இருந்து வரும் நாளங்கள் ஒன்றாகின்றன. பித்தப்பையின் சிறு நாளம் அதில் வந்து விழுகிறது. பிறகு பொதுப் பித்தநாளமாகச் சிறுகுடலுக்கு இறங்குகிறது. நம் கோல கங்சாரின் 'கோல' என்பது ஆறு போய்ச் சேரும் இடத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல். பித்தநாளங்களுக்கும் அப்படி ஒரு கோல உண்டு. அது எல்லார் உடம்பிலும் ஒரே இடத்தில் அமைவதில்லை.

கருவின் நான்காவது வாரத்தில் முன்குடலில் ஒரு மொட்டு முளைக்கிறது. ஈரல், பித்தப்பை, நாளங்கள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. கிளைப்பதில் சிறிது மாறினாலும் வழி மாறிவிடும். சிலருக்குப் பித்தப்பை நாளம் பொதுநாளத்தை ஒட்டியே வெகுதூரம் இறங்கித் தாழ்வாகச் சேரும்; சிலருக்கு அதைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கமாகப் போய்ச் சேரும். பித்தப்பை ஒட்டியிருக்கும் ஈரல் பள்ளத்தில் நூல்போன்ற நாளங்கள் ஓடுவதும் உண்டு. அறுவையின்போது அவை கண்ணுக்குத் தப்பி அறுந்தால், சில நாள் கழித்து வயிற்றுவலியும் காய்ச்சலுமாகக் கசிவு தெரியவரும்.

பெரிய ஆபத்து வேறு. பித்தப்பையை மேலே இழுத்துப் பிடிக்கும்போது அதன் நாளமும் பொதுநாளமும் ஒரே கோடாகத் தெரியும். பொதுநாளத்தையே பித்தப்பை நாளம் என்று நம்பி வெட்டிவிட்டால், அந்தக் காயத்தைச் சரிசெய்யப் பெரிய அறுவை தேவைப்படலாம். அதனால்தான் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் 1995-இல் ஒரு கட்டுப்பாட்டை வகுத்தார். ஈரலுக்கும் நாளத்துக்கும் இடைப்பட்ட முக்கோணத்தில் கொழுப்பை முழுக்க விலக்க வேண்டும். பித்தப்பையின் அடிப்பகுதியை ஈரலிலிருந்து பிரிக்க வேண்டும். பித்தப்பைக்குள் நுழைபவை ஒரு நாளம், ஒரு தமனி, இந்த இரண்டு மட்டுமே என்று கண்ணால் காணும்வரை எதையும் வெட்டக் கூடாது. எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி. இந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

சந்தேகம் வந்தால் துணைக்கு வழிகள் உண்டு. நாளத்துக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கலாம். அல்லது இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை முன்கூட்டியே இரத்தத்தில் ஏற்றலாம். ஈரல் அதைப் பித்தநீரோடு வெளியேற்றுவதால், அகச்சிவப்புக் கேமராவில் நாளங்கள் ஒளிரும்.

அக்காவுக்கு ஈரலின் வலப் பின்பகுதியிலிருந்து வந்த நாளம் மற்ற ஈரல் நாளங்களோடு சேராமல், பித்தப்பை நாளத்திலேயே விழுந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் அதைக் கண்ட மருத்துவர், இரண்டும் கூடும் இடத்துக்கு மேலே, பித்தப்பைப் பக்கமாகக் கிளிப் போட்டு வெட்டியிருக்கிறார். அந்த நாளம் இப்போதும் அக்காவின் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறது.