இரைச்சலுக்காக எர்த் வயரை வெட்டாதீர்கள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வீட்டிலேயே ஹெட்போன் அம்ப்ளிஃபயர் கட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் ட்ரான்ஸ்ஃபோமர், ஐசி எல்லாம் வாங்கிவந்து பிஸ்கட் டின்னுக்குள் அடக்கி, கூடவே கம்ப்யூட்டரின் டிஜிட்டல் சிக்னலை ஆடியோவாக மாற்றும் ஒரு யூஎஸ்பி கன்வர்ட்டரையும் பொருத்திவிடுகிறார்கள். சாலிடர் வேலை சிலருக்கு அத்தனை சுத்தமாக வருகிறது. ரிப்பேர் மேசையில் எனக்குப் பயம் சர்க்கிட்டைப் பார்த்து அல்ல, பெட்டியைப் பார்த்துத்தான்.

அண்மையில் ஒரு தம்பி கொண்டுவந்த டின்னைத் திறந்தேன். ஆணியால் குத்திய ஓட்டை வழியாக 230 வோல்ட் வயர் உள்ளே போயிருந்தது. ஓட்டையின் விளிம்பு பிளேடு மாதிரி. வயரின் மேலுறை அறுபட்டு, உள்ளே செம்பு மினுங்கியது. எர்த் வயரை பிளக் பக்கத்திலேயே நறுக்கி டேப் சுற்றியிருந்தார்.

"ஏன் தம்பி வெட்டினீங்க?"

"கம்ப்யூட்டர்ல மாட்டினா 'ம்ம்'னு இரையுதுண்ணே. வெட்டுனதும் நின்னுருச்சு."

நின்றது உண்மைதான். கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், அம்ப்ளிஃபயருக்கு ஒரு எர்த், இரண்டையும் இணைக்கும் சிக்னல் வயரைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்ட்: இவை சேர்ந்தால் ஒரு வளையம். அதில் ஓடும் சின்ன 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம்தான் காதில் இரைகிறது. எர்த்தை வெட்டினால் வளையம் அறுந்துவிடும். ஆனால் அந்தச் செம்பு டின்னில் பட்டால் டின் முழுக்க 230 வோல்ட். எர்த் இருந்தால் உடனே ஃபியூஸ் போகும், ட்ரிப் சுவிட்ச் விழும். எர்த் இல்லாமல், கம்ப்யூட்டர் வயரும் கழன்றிருந்தால், யாராவது தொடும்வரை ஒரு அறிகுறியும் தெரியாது. ஹெட்போன் ஜாக்கின் கிரவுண்ட் பெரும்பாலும் பெட்டியோடுதான் சேர்ந்திருக்கும். அந்த வயர் போய் நிற்பது உங்கள் தலையில். சின்னக் கசிவுக்கே கரண்டை வெட்டும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் எல்லா வீட்டிலும் இருக்கிறது என்று நம்பவும் முடியாது.

சதுரப் பின் சொக்கட்டின் எர்த் ஓட்டையில் பேனா மூடியைக் குத்தி, இரண்டு பின் பிளக்கைச் சொருகுகிறோமே, அதுவும் இதே வேலைதான். உலோகப் பெட்டிக்கு அது கூடவே கூடாது.

இரைச்சலை நிறுத்த வேறு வழி இருக்கிறது. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் வளையம்தான். ஆடியோ சிக்னல் பாதையில் ஒரு ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபோமர், அதாவது இரு பக்க வயரும் நேரடியாகத் தொடாமல் ஒலியை மட்டும் கடத்துவது, போட்டால் போதும். அந்தத் தம்பிக்கும் அதைத்தான் போட்டுக் கொடுத்தேன், எர்த்தைத் திரும்ப இணைத்த பிறகு.

என்னைக் கேட்டால், புதிதாகக் கட்டுபவர்கள் 230 வோல்ட்டைப் பெட்டிக்குள் கொண்டுவரவே வேண்டாம். தரமான 12 வோல்ட் அடாப்டர் வெளியே இருக்கட்டும். சூ மோய் வடிவமைத்த 'சீமோய்' அம்ப்ளிஃபயர் 9 வோல்ட் பேட்டரியில், மிட்டாய் டின்னுக்குள் ஓடுவது. கற்றுக்கொள்ள அது தாராளம்.

230 வோல்ட்டைப் பெட்டிக்குள் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றால், ஓட்டைக்கு ரப்பர் வளையம், வயர் இழுபடாமல் ஒரு கிளாம்ப், லைன் வயரில் ஃபியூஸ். எர்த்தைச் சாலிடரில் மட்டும் ஒட்டாமல், பெயின்ட்டைச் சுரண்டி நட்டு போல்ட்டால் இறுக்குங்கள். அது மற்ற இரண்டு வயரையும்விடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். இழுபட்டாலும் கடைசியாகக் கழல்வது அதுவாக இருக்க வேண்டும். பிறகு சொக்கட்டில் இருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, எர்த் பின்னுக்கும் பெட்டிக்கும் இடையே மல்டிமீட்டரில் பாருங்கள். 1 ஓமுக்குள் இருக்க வேண்டும்.

ஹெட்போன் மாட்டுமுன் ஜாக்கில் டீசி வோல்ட்டையும் அளந்துவிடுங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் வந்தால் ஹெட்போனுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி வரும். வானம் இருளும்போதே பிளக்கையும் ஹெட்போனையும் கழற்றிவிடுங்கள். இடிக்கத் தொடங்கிய பிறகு பிளக்கில் கை வைக்கப் போகாதீர்கள்.