ஒரே சத்தம், இரண்டு மூளை

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் மீன் கடைகளுக்குள் ஞாயிறு காலை இரண்டு பேர் போகிறார்கள். ஒருவர் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு அப்படியே காய்கறிப் பக்கம் நகர்ந்துவிடுகிறார். மற்றவருக்கு விலை கூவும் சத்தம், ஐஸ் உடைபடும் ஓசை, கவிச்சி, பேரம் படியாத ஒரு பெண்மணியின் முகவாட்டம் எல்லாம் சேர்ந்து, கொஞ்ச நேரத்திலேயே தலை கனத்துப்போகிறது. "இதுக்கெல்லாமா?" என்பார்கள் வீட்டில்.

இருவருக்கும் காது, மூக்கு எல்லாம் ஒரே தரம்தான். அவை அனுப்பும் செய்தியை மூளை எவ்வளவு தூரம் அலசுகிறது என்பதில்தான் வேறுபாடு. அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரோன் தன் கணவர் ஆர்தருடன் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கூருணர்வை ஓர் இயல்பாக வரையறுத்தார். அதை அளக்க 27 கேள்விகளையும் தந்தார். இது நோயல்ல.

2014-இல் 18 பேரிடம் நடந்த ஒரு மூளை ஸ்கேன் ஆய்வு (சிறியதுதான், ஆனாலும் கவனிக்கத்தக்கது) துணைவரின் முகத்தையும் அந்நியர் முகத்தையும் காட்டிப் பார்த்தது. கூருணர்வு கூடியவர்களிடம் இன்சுலா என்ற பகுதி அதிகம் இயங்கியது. இதயத் துடிப்பு, வயிற்றுப் பிசைவு போன்ற உடம்பின் நிலையை உணர்ச்சியோடு இணைக்கும் இடம் அது. பிறர் வருத்தம் தன் வயிற்றைக் கலக்குவதாக இவர்கள் சொன்னால், தயவுசெய்து நம்புங்கள்.

எல்லாவற்றையும் அலசினால் சீக்கிரம் களைப்பு வரும். ஆகவே இவர்களுக்கு இடைவெளி தேவை. மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகள் ஓடாத பீச் ரோடு இந்த ஊர்க்காரர்களுக்கு வாய்த்த நல்ல வசதி. கூட்டம் குறைந்த நாளாகப் பார்த்துப் போகலாம்.

இந்த இயல்பில் பாதியளவு மரபணு சார்ந்தது என்கிறது இரட்டையர் ஆய்வு. மீதி, வளரும் சூழல். இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த முடிவு வருகிறது: மோசமான சூழல் இவர்களை அதிகம் வாட்டுவது போலவே, நல்ல சூழல் இவர்களை அதிகம் தேற்றவும் செய்கிறது. இங்கிலாந்தில் வறுமை மிகுந்த பகுதியொன்றில் 11 வயதுச் சிறுமிகளுக்கு மனச்சோர்வைத் தடுக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கூருணர்வு குறைந்தவர்களிடம் பலன் தெரியவில்லை. கூடியவர்களிடம் சோர்வு குறைந்தது. ஓராண்டு கழித்து அளந்தபோதும் அந்தப் பலன் நிலைத்திருந்தது.