எடை இறங்காமல் நின்றதா? உடனே தூரத்தைக் கூட்டாதீர்கள்

இந்த வாரம் இன்னொருவர் வந்தார். கெண்டைக்காலின் முன்னெலும்பில் வலி. ஸ்கேனில் மயிரிழை விரிசல். பிசியோதெரபி அறையில் நான் கேட்கும் கதை எப்போதும் ஒன்றுதான். முதல் சில மாதங்கள் எடை மளமளவென்று இறங்கியது, ஓடினால் மூச்சு வாங்குவதும் குறைந்தது. அப்புறம் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. உடனே வாரத்தில் மூன்று நாள் ஓடியவர் தினமும் ஓடத் தொடங்கிவிட்டார். பிடோக் நீர்த்தேக்கத்தை ஒரு சுற்று வந்தவர் இரண்டு சுற்று. ஒரு சுற்றே நான்கு கிலோமீட்டருக்கு மேல்! நுரையீரல் சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழகப் பல வாரங்கள் வேண்டும்.

முன்னேற்றம் நின்றால் நம் ஆட்கள் முதலில் பழிபோடுவது தங்கள் சோம்பலைத்தான். அதிலும் என்னை மிகவும் வருத்துவது வியர்வைக் கணக்கு. "தம்பி, சட்டையைப் பிழிஞ்சா தண்ணி கொட்டுது, ஆனா எடை இறங்கவே இல்ல" என்று ஒரு அக்கா கேட்டார். அக்கா, இது சிங்கப்பூர். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். பேருந்து நிறுத்தத்தில் சும்மா நின்றாலே சட்டை நனையும். வியர்வை என்பது உடல் சூட்டைத் தணிக்க வெளியேற்றும் நீர். கொழுப்பு உருகி வழிவதில்லை. ஓடி முடித்ததும் தராசில் ஒரு கிலோ குறைந்திருந்தால் அது தண்ணீர், குடித்ததும் திரும்பிவிடும். குளிரூட்டிய அறையில் எடை தூக்கி, சட்டை நனையாமல் வெளியே வருபவர் உங்களைவிடக் கடுமையாக உழைத்திருக்கலாம். பிளாஸ்டிக் சட்டை மாட்டிக்கொண்டு ஓடுவதை இன்றோடு விடுங்கள். வியர்வை ஆவியாகாவிட்டால் உடல் குளிராது. வெப்பத் தாக்கு உயிரையே எடுத்துவிடும்.

அடுத்தது தினமும் 10,000 அடி எடுத்துவைத்து நடக்கும் கணக்கு. அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. நடப்பது மிக நல்லது, விடவே வேண்டாம். ஆனால் அதே பூங்கா இணைப்புப் பாதை, அதே வேகம், அதே அரை மணி நேரம் என்றால் உடலுக்குப் புதிதாகப் பழகிக்கொள்ள எதுவும் இல்லை. போதாததற்கு, எடை குறைந்த உடல் அதே தூரத்தை முன்பைவிடக் குறைந்த சக்தியில் நடந்துவிடும். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

இங்கே பெரியவர்களுக்கான பரிந்துரை வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம், கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. முதல் பாதி எல்லாருக்கும் மனப்பாடம். இரண்டாவதை, குறிப்பாக நம் பெண்கள், தொடுவதே இல்லை. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உடற்பயிற்சி மூலை இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில்கூடத் தொடங்கலாம். பன்னிரண்டு முறை எளிதாக வந்துவிட்டால் கையில் அரிசி மூட்டையோ தண்ணீர்ப் புட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். தசைக்குத் தூண்டுதல் அந்தக் கூடுதல் சுமையில்தான்.

ஐப்பிப்பிடி எனும் தேசிய சேவை உடலுறுதித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களே, அதில் ஓட வேண்டிய 2.4 கிலோமீட்டரைத் தினமும் முழு வேகத்தில் ஓடிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. வாரத்தில் ஒரு நாள் மட்டும், கொஞ்சம் வேகம், கொஞ்சம் மெதுவு என்று மாற்றி மாற்றி ஓடுங்கள், மற்ற நாள்களில் பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். தசை பலப்படுவது ஓய்வில். இரவு ஒரு மணிவரை கைப்பேசி, காலை ஐந்தரைக்கு ஓட்டம் என்றால் முன்னேற்றம் எங்கிருந்து வரும்?

சாப்பாட்டையும் கேட்பேன். காலையில் தோசை, மதியம் சோறு, இரவு சப்பாத்தி, புரதம் எங்கே? இரண்டு முட்டையில் ஏறக்குறைய 12 கிராம் கிடைக்கும். பருப்பு, தயிர், மீன், தௌகுவா எனும் கெட்டி சோயாக்கட்டி என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். இனிப்பான தே தாரிக் பால் தேநீரையும் கணக்கில் சேருங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை நம்பிப் பயிற்சியைக் கூட்ட வேண்டாம். மருந்து துடிப்பை ஏறவிடாது. பயிற்சி செய்யும்போது பேச முடிகிறதா என்று பாருங்கள். சரியாகச் சாப்பிட்டுத் தூங்கியும் சோர்வு தீராவிட்டால் ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து, எலும்பின் மேல் ஒரே இடத்தை விரலால் தொட்டுக் காட்டும்படி வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு வாருங்கள். தைலம் தேய்த்து இரண்டு வாரம் ஓட்டிவிட்டு வந்தால் குணமாகப் பல வாரம் கூடுதலாகும். ஓடும்போது நெஞ்சு இறுகினால் என்னிடம் வர வேண்டாம், ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.