நெருப்பு மூட்டிக் குளிர் எடுக்கும் பெட்டி

அரிசோனாவில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “விடுமுறை கிடைத்தால் தனியாகப் பாலைவனப் பக்கம் போய்த் தங்குவது என் வழக்கம். இதுவரை கூடாரம்தான். இனி காரின் பின்னால் கட்டி இழுக்கும் சிறிய டிரெய்லர் ஒன்று, கரடுமுரடான பாதையையும் தாங்குவதாக வாங்க நினைக்கிறேன். பார்க்கப் போன இடத்தில் விற்பவர் ஒரு ஃபிரிட்ஜைக் காட்டி, இது மின்சாரம் இல்லாமல் கேஸ் சுடரிலேயே ஓடும் என்றார். சுடர் எப்படிக் குளிர்விக்கும்? நம்பி வாங்கலாமா?”

டிரெய்லரைக் கேட்காமல் ஃபிரிட்ஜைக் கேட்கிறாரே என்று சிலருக்குத் தோன்றலாம். அவர் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார். மின்கம்பி எட்டாத இடத்தில் தங்கும் தனி ஆளுக்கு விளக்கு, கைபேசி, சிறு விசிறி, தண்ணீர்ப் பம்பு எல்லாம் சில மணி நேரச் செலவு. இரவும் பகலும் விடாமல் ஆற்றல் கேட்பது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதை முடிவு செய்துவிட்டால், எவ்வளவு பெரிய பேட்டரி, எத்தனை சூரியத் தகடு, வண்டி எவ்வளவு கனம் என்பவை அதன் பின்னே வரிசையாக வந்துவிடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மரச்சட்டத்தில் தகடு அடித்த உடலைவிட, மேல்பாதி கீழ்பாதி என்று இரண்டே வார்ப்புகளாகச் செய்து இணைத்த கண்ணாடியிழை உடல் நல்லது. 1968இல் கனடாவின் வினிபெக்கில் பிறந்த போலர் டிரெய்லர் இந்த வகை. மூட்டுகள் குறைவு என்பதால் மழைநீர் புகும் வழிகளும் குறைவு. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை காரின் கொக்கியில் இறங்க வேண்டும். பின்பக்கம் கனத்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் காரையே கவிழ்க்கும் அளவுக்கு வளரக்கூடும். தரையிலிருந்து நல்ல உயரம், தடித்த டயர், ஒரே ஆள் கொக்கியில் மாட்டக்கூடிய எடை. இவ்வளவு போதும். இனி சுடருக்கு வருவோம்.

நம் வீட்டு மண்பானையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த ஃபிரிட்ஜின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று படித்திருக்கிறோம். ஆனால் பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் 35 டிகிரியிலேயே ஆவியாகிப் போகிறது. போகும்போது தனக்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைப் பானையிலிருந்து எடுத்துக்கொள்கிறது, பானை குளிர்கிறது. கொதிக்காமலே ஆவியாவது எப்படி? பானையைச் சுற்றியுள்ள காற்றின் மொத்த அழுத்தம் ஒரு வளிமண்டலம் என்றாலும், அதில் நீராவியின் பங்கு மிகச் சிறிது. ஆவியாகும் நீர் பார்ப்பது அந்தப் பங்கை மட்டுமே. நைட்ரஜனும் ஆக்சிஜனும் எவ்வளவு அழுத்தினாலும் அதற்குக் கவலையில்லை. பதினொன்றாம் வகுப்பில் டால்டனின் பகுதி அழுத்த விதி என்று படித்தது இதுதான். காற்று வறண்டிருக்கும் ஊரில் பானை நன்றாகக் குளிர்வதும், கடலோரத்தில் மந்தமாக இருப்பதும் இதனால்தான்.

இப்போது பானையை மூடிய இரும்புக் குழாயாக மாற்றுங்கள். தண்ணீருக்குப் பதில் அம்மோனியா. வறண்ட காற்றுக்குப் பதில் ஹைட்ரஜன். முழுக் குழாய்த் தொகுதியும் பற்றவைத்து மூடப்பட்டது. உள்ளே எல்லா இடத்திலும் மொத்த அழுத்தம் ஏறத்தாழ ஒன்றே, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல இருபது மடங்குக்கு மேல். அவ்வளவு அழுத்தத்தில் தூய அம்மோனியா 50 டிகிரி அளவிலேயே திரவமாகிவிடும். வெளிக்காற்று படும் துடுப்புக் குழாய்க்குள் வந்தால் போதும், வெப்பத்தை வெளியே விட்டுவிட்டுச் சொட்டுச் சொட்டாகத் திரவமாகிறது. அந்தத் திரவம் சரிந்து ஃபிரிட்ஜின் உட்புறக் குழாய்க்குள் இறங்குகிறது. அங்கே ஹைட்ரஜன் காத்திருக்கிறது. மொத்த அழுத்தம் மாறவில்லை. ஆனால் அந்த அழுத்தத்தின் பெரும்பகுதியை ஹைட்ரஜன் தாங்கிக்கொள்கிறது. அம்மோனியாவின் பங்கு சட்டென்று மிகச் சிறிதாகிவிட, அது சுழியத்துக்கும் பல டிகிரி கீழே ஆவியாகத் தொடங்குகிறது. ஆவியாவதற்கான வெப்பத்தை உங்கள் தயிரிலிருந்தும் தக்காளியிலிருந்தும் எடுக்கிறது.

சாதாரண ஃபிரிட்ஜில் அழுத்தத்தை ஏற்றக் கம்ப்ரசர் வேண்டும், இறக்க நுண்குழாய் வேண்டும். இங்கே அழுத்தத்தை இறக்கும் வேலையை ஒரு வாயு தன் இருப்பால் மட்டுமே செய்துவிடுகிறது. வால்வு இல்லை, பிஸ்டன் இல்லை. இயற்பியலில் நான் அறிந்த மிக அழகான உபாயங்களில் இது ஒன்று. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

மீதியும் அதே அழகோடுதான் நடக்கிறது. ஆவியான அம்மோனியா ஹைட்ரஜனோடு கலக்கிறது. ஹைட்ரஜனின் மூலக்கூறு எடை 2, அம்மோனியாவுடையது 17. கலவை கனமாகிவிடுவதால் தானாகக் கீழே இறங்குகிறது. கீழே வளைந்து வளைந்து செல்லும் குழாயில் நீர் வழிந்துகொண்டிருக்கிறது. அம்மோனியாவுக்குத் தண்ணீர் மேல் அடங்காத ஆசை. பள்ளி ஆய்வகத்தில் அம்மோனியா நிறைந்த குடுவைக்குள் நீர் பீறிட்டு ஏறும் நீரூற்றுச் சோதனையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நீர் அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்கிறது. ஹைட்ரஜனை அது சீண்டுவதில்லை. சுமை இறங்கிய ஹைட்ரஜன் லேசாகி மறுபடி மேலே போய், அடுத்த அம்மோனியாத் துளிக்காகக் காத்திருக்கிறது. ஹைட்ரஜனின் சுற்றுக்கு எந்தப் பம்பும் இல்லை, எடை வேறுபாடு ஒன்றே போதும்.

சுடர் எங்கே வந்தது? அம்மோனியா குடித்த நீரைத் திரும்பப் பிரிப்பதற்கு. கொதிகலனின் அடியில் எரியும் சிறு சுடர் அந்தக் கரைசலைச் சூடாக்க, அம்மோனியா குமிழ்களாக வெளியேறுகிறது. குறுகிய குழாயில் எழும் அந்தக் குமிழ்கள் தங்களுக்கு இடையில் சிக்கிய நீரையும் மேலே தள்ளிக்கொண்டு போகின்றன. ஆக, கரைசலை உயரத்துக்கு ஏற்றும் வேலையையும் சுடரே பார்த்துவிடுகிறது. மேலே போன நீர் தனியாகப் பிரிந்து உறிஞ்சுகுழாய்க்கு வழிகிறது. அம்மோனியா மட்டும் துடுப்புக் குழாய்க்குப் போகிறது. வட்டம் முடிந்தது. நகரும் உறுப்பு ஒன்றுகூட இல்லாததால் சத்தமும் இல்லை. பாலைவன இரவில் தனியாகத் தங்குபவருக்கு இந்த மௌனத்தின் மதிப்பு தெரியும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. வண்டியின் வெளிப்புறத்தில் ஃபிரிட்ஜுக்கான காற்றுத் துவாரம் இருக்கும். மேல் துவாரத்தில் கையை வைத்துப் பாருங்கள். சுடர் கொடுத்த வெப்பமும் தயிரிலிருந்து எடுத்த வெப்பமும் சேர்ந்து அங்கே வெளியேறுவதை உணரலாம். எந்த இயந்திரத்தைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வெப்பம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது? 1996இல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து, மூலிகையால் தண்ணீரைப் பெட்ரோலாக்கலாம் என்ற ‘மூலிகைப் பெட்ரோல்’ செய்தி வந்தபோது இந்தக் கேள்வியைக் கேட்காமல் படித்தவர்களும் மயங்கினார்கள். இன்றும் காந்தத்தைச் சுற்றினால் கட்டணமில்லா மின்சாரம் என்று படங்கள் வலம்வருகின்றன. மின்வசதி இல்லாத இடத்துக்குப் போகிறவர்களைக் குறிவைத்தே அவற்றில் பல விற்கப்படுவது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது. ஏமாந்தவர் பணத்தை மட்டுமல்ல, நடுக்காட்டில் பாதுகாப்பையும் இழக்கிறார்.

சுடர் ஃபிரிட்ஜைக் கண்டுபிடித்தவர்கள் ஸ்டாக்ஹோமின் அரச தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள்: பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ். ஆண்டு 1922. உரிமையை வாங்கிய எலக்ட்ரோலக்ஸ் 1925இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்துக் கம்ப்ரசர் ஃபிரிட்ஜுகளில் நச்சு வாயுக்கள் இருந்தன. பெர்லினில் ஒரு குடும்பம் அப்படிக் கசிந்த வாயுவால் மாண்ட செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டைனும் இயற்பியலாளர் லியோ சிலார்டும் ஃபிரிட்ஜ் வடிவமைப்பில் இறங்கினார்கள். நகரும் உறுப்பு இல்லாத ஒரு வடிவத்துக்கு 1930இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார்கள். அது கடைக்கு வரவில்லை. ஆனால் அந்த முயற்சியில் அவர்கள் யோசித்த இன்னொன்று, திரவ உலோகத்தை மின்காந்தப் புலத்தால் செலுத்தும் பம்பு, பிற்காலத்தில் சோடியத்தால் குளிர்விக்கப்படும் அணு உலைகளுக்குப் பயன்பட்டது. கல்பாக்கத்தில் சோடியச் சுற்றுகளுக்கு இதே கொள்கையில் இயங்கும் பம்புகளை உருவாக்கியிருக்கிறார்கள். “இந்த ஆராய்ச்சியால் உடனே என்ன பயன்?” என்று கேட்டு நிதியை நிறுத்துகிற அதிகாரிகளிடம் இந்தக் கதையை ஒருமுறை சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மாணவர்களின் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கும் பணம் எந்த வாசலில் திரும்பி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

இனி வாசகரின் கவலை. இந்தப் பெட்டியில், குமிழ்கள் மேலே தள்ளும் அந்த ஓரிடம் தவிர, திரவங்கள் புவியீர்ப்பால் மட்டுமே நகர்கின்றன. ஆகவே வண்டி சாய்ந்து நின்றால் குழாயின் பள்ளத்தில் திரவம் தேங்கி வாயுவின் வழியை அடைத்துவிடும். சுற்றோட்டம் நிற்கும், சுடரோ எரிந்துகொண்டே இருக்கும். கொதிகலன் அளவுக்கு மீறிச் சூடாகி, துருப் பிடிக்காமலிருக்கக் கரைசலில் சேர்த்த சோடியம் குரோமேட் உப்பு படிந்து குழாயை நிரந்தரமாக அடைத்துவிடக்கூடும். பல மாதிரிகளின் கையேடுகள் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி என்று வரம்பு சொல்கின்றன. ஓடும்போது சாய்வு கவலையில்லை, குலுக்கலில் திரவம் ஓரிடத்தில் தேங்காது. நிறுத்திய பிறகுதான் சிக்கல். சமதளமான முகாம் மைதானத்தில் இது எளிது. மணல் ஓடையோரமும் பாறைச் சரிவும் தேடிப் போகிறவருக்கு, அதுவும் சக்கரத்தடியில் கட்டை வைக்க உதவிக்கு ஆள் இல்லாதவருக்கு, ஒவ்வொரு முறையும் இது ஒரு வேலை.

வெயிலும் எதிரி. அம்மோனியா 50 டிகிரி அளவில் திரவமாகும் என்றேன் அல்லவா? அரிசோனாக் கோடையில் வெளிக்காற்றே 45 டிகிரியைத் தொடும்போது வெப்பத்தை எங்கே இறக்குவது? பெட்டி திணறும். உயரமான மலைப்பகுதியில் ஆக்சிஜன் குறைவதால் சுடர் மங்கி அணைவதும் உண்டு.

கணக்கையும் பார்த்துவிடலாம். சிறிய சுடர் ஃபிரிட்ஜ் நாளொன்றுக்குச் சுமார் 250 கிராம் எரிவாயு கேட்கும். அங்கே பரவலாகக் கிடைக்கும் 9 கிலோ சிலிண்டர் ஒரு மாதத்துக்குச் சற்று மேலேயே வரும். அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் பொதுநிலத்தில், 28 நாள்களில் 14 நாள் வரைதான் பொதுவாக ஓரிடத்தில் தங்க அனுமதி; அதற்கு ஒரு சிலிண்டர் தாராளம். ஆனால் அந்த 250 கிராமில் உள்ள ஆற்றல் மூன்று யூனிட் மின்சாரத்துக்கு மேல். அதே பெட்டியைச் சுடருக்குப் பதில் பேட்டரி மின்சாரத்தால் சூடாக்கி ஓட்டினால் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி அரைநாளுக்குள் தீர்ந்துவிடும். இன்றைய 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், அதே அளவு பெட்டிக்கு, நாளொன்றுக்கு அரை யூனிட் அளவில் முடித்துவிடும். நல்ல வெயிலில் 200 வாட் தகடு அதையும் மற்றத் தேவைகளையும் சேர்த்தே சமாளிக்கும். சாய்வு அதற்குப் பெரிதாகப் பொருட்டில்லை.

ஆகவே, எனக்குச் சுடர் ஃபிரிட்ஜ் மீது எவ்வளவு காதல் இருந்தாலும், இந்த வாசகருக்கு என் பதில் கம்ப்ரசர்தான். வெயில் கொட்டும் நாடு, சரிவான இடங்கள், தனி ஆள்: மூன்றுமே அந்தப் பக்கம் நிற்கின்றன. தகட்டைக் கூரையில் பதிக்காமல் கம்பி நீட்டித் தரையில் விரிக்கும் வகையாக வாங்கினால், வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுத் தகட்டை மட்டும் வெயிலில் வைக்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை வண்டிக்குள் வையுங்கள். சுழிய டிகிரிக்குக் கீழே அதை மின்னேற்றினால் கெட்டுவிடும், அரிசோனாவின் வடக்கு மேட்டுநிலத்தில் குளிர்கால இரவுகள் அதற்கும் கீழே போகும். மாறாக, மரங்கள் அடர்ந்து வாரக்கணக்கில் மேகம் மூடும் வாஷிங்டன் மாநிலக் காடுகளுக்குப் போகிறவர் கேட்டிருந்தால், சுடர்ப் பெட்டியையே சொல்லியிருப்பேன்.

மனம் பிடித்துப்போய் அந்த டிரெய்லரையே வாங்குவதானால் சில காரியங்கள் செய்யுங்கள். ஃபிரிட்ஜின் அடித்தட்டில் சிறு ரசமட்டம் ஒன்றை ஒட்டிவையுங்கள். அதன் துவாரங்கள் உள்ள பக்கம் பிற்பகல் வெயில் படாதவாறு நிறுத்துங்கள். பெட்ரோல் நிரப்பும் இடத்துக்குள் நுழையும் முன் சுடரை அணையுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம் என்பதால் கசிவு உணரியைத் தரைக்கு அருகிலும், கார்பன் மோனாக்சைடு உணரியைப் படுக்கைக்கு அருகிலும் பொருத்துங்கள். பணம் கொடுப்பதற்கு முன், முந்தின நாள் மாலையே சுடரைப் பற்றவைத்து வைக்கும்படி விற்பவரிடம் கேளுங்கள், ஏனென்றால் இந்தப் பெட்டி குளிரப் பல மணி நேரம் பிடிக்கும். காலையில் போய் வெப்பமானியை உள்ளே வைத்துப் பாருங்கள். 4 டிகிரிக்கு மேல் காட்டினால் விலையைப் பேசவே வேண்டாம்.