நஞ்சு: திசு அல்ல, உறுப்பு

பிள்ளை பிறந்தபின் தாயின் வயிற்றிலிருந்து விழும் நஞ்சுக்கு ஆங்கிலத்தில் 'பிளசென்டா' என்று பெயர். அது லத்தீன் சொல். தட்டையான பணியாரம் என்று பொருள். ரியால்டோ கொலம்போ 1559இல் வந்த தம் உடற்கூற்றியல் நூலில் இந்தப் பெயரை வைத்தார். பார்க்க அடை மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

நம்மிடம் பெயருக்கா பஞ்சம்? டெல்டா கிராமங்களில் பிள்ளை பிறந்ததும் அடுத்த கேள்வி, "நஞ்சு விழுந்துடுச்சா?" மாடு ஈன்றாலும் அதே கேள்விதான். மாட்டுக்கு விழுவதை இளங்கொடி என்றும் சொல்வார்கள், வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள். உள்ளே தங்கினால் தாயின் உயிருக்கே ஆபத்து, அதனால்தான் நஞ்சு என்று பெயர் என்பார்கள்.

இந்தப் பெயரை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல் 'தாய்சேய் இணைப்புத்திசு' என்கிறது. முதல் கோளாறு, அது திசு இல்லை, உறுப்பு. இரண்டாவது இன்னும் மோசம். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு அடங்கிய வகைக்கு அதே பாடநூல் வைத்திருக்கும் பெயர் 'இணைப்புத்திசு'. படிக்கும் பிள்ளை இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் தப்பு யாருடையது? மூன்றாவது, 'இணைப்பு' என்றதும் தாய் ரத்தம் சேய்க்குள் ஓடுவதாகத் தோன்றும். ஓடுவதில்லை. சேயின் ரத்தக்குழாய்கள் ஓடும் விரலிகள், அதாவது விரல் போன்ற நீட்சிகள், தாயின் ரத்தத்தில் நனைந்து நிற்கின்றன. நடுவே மெல்லிய சுவர் உண்டு. பெரும்பகுதி சேய் கட்டியதே. அதனால்தான் குழந்தை இறந்து பிறந்தால், காரணம் தேடும் பேறுகால நோயியல் மருத்துவர் நஞ்சையும் கேட்டு வாங்குகிறார்.

அவர் மேசையில் இந்தப் பெயர் படும் பாட்டைப் பாருங்கள். தொப்புள்கொடியையும் பனிக்குடச் சவ்வையும் வெட்டி நீக்கிவிட்டு நஞ்சை எடை போடுவார். நிறைமாதத்தில் 500 கிராம் சுமார். கர்ப்பப்பையில் ஒட்டியிருந்த பக்கத்தில் மடல் ஏதும் குறைகிறதா என்று பார்ப்பார். குறைந்தால் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், ரத்தப்போக்கு வரும். கொடியின் குறுக்குவெட்டில் இரண்டு தமனி, ஒரு சிரை இருக்கவேண்டும். நுண்ணோக்கியில் பார்க்கச் சவ்வைச் சுருட்டி ஒரு வெட்டு எடுப்பார், நஞ்சின் முழுக் கனத்துக்கும் குறைந்தது மூன்று. இதைத் தமிழில் எழுதினால், 'தாய்சேய் இணைப்புத்திசுவிலிருந்து மூன்று திசுத் துண்டுகள்'! வாயில் நுழைகிறதா?

இலங்கையில் 'சூல்வித்தகம்' என்பார்கள். வித்தகம் என்றால் நமக்கு அறிவுதான் நினைவுக்கு வரும். போகட்டும், திசு என்று பொய் சொல்லவில்லை.

'நஞ்சுக்கொடி' வழக்கில் உள்ளதுதான். ஆனால் செய்தி எழுதுபவர்கள் அதைத் தொப்புள்கொடிக்கும் போட்டுக் குழப்புகிறார்கள். தட்டுக்கு நஞ்சு, கயிற்றுக்குத் தொப்புள்கொடி, பைக்குப் பனிக்குடம் என்று பிரித்துக்கொண்டால் தீர்ந்தது. 'நஞ்சில் தொற்று' என்று எழுதினால் விஷமென்று பயப்படுவார்களாம். பேறு பார்த்த எந்தக் கிழவியும் பயந்ததில்லை, பயம் மொழிபெயர்ப்பாளருக்குத்தான். அறிக்கையில் முதல்முறை மட்டும் 'பிள்ளைக்குப் பின் விழுந்த நஞ்சு' என்று எழுதிவிட்டால், அப்புறம் வெறும் நஞ்சு போதும்.